நீலம் போன கை

நீர் நிலைக்க. நிலம் விளைக. சொன்ன சொல் நிற்க.

தாழைநாட்டின் ஆறுகளுக்கும் கடற்கரைக்கும் காவல் பூண்டவரும், தாழம்பூ முத்திரையை முன்னோர் கையிலிருந்து பெற்று மாசு படாமல் காத்து வருபவரும், ஏழிற்கோட்டை அரியணையில் வீற்றிருப்பவருமான கோமகள் குவளையாள் தேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் அறங்கூறவையின் அமைச்சர் இளநாகன் எழுதுவித்த ஓலை.

மலையடிவாரத்தில் வெற்றிலைக்குப் பெயர்போன கொடிமங்கலத்து ஊர்ச்சபையாருக்கும், சபைத் தலைவர் கண்ணந்தையாருக்கும், அவ்வூரில் வாழும் குடிகள் அனைவருக்கும் அரண்மனையின் வாழ்த்து உரியதாகுக. உங்கள் ஏரிக்கரை உறுதியாய் நிற்கட்டும். உங்கள் கொடிக்கால்களில் நோய் அணுகாதிருக்கட்டும்.

உங்கள் சபை தீர்த்த வழக்கொன்றைக் கோமகளார் மாற்றித் தீர்த்திருக்கிறார். தீர்ப்பை மட்டும் எழுதி அனுப்பினாலும் நீங்கள் பணிவீர்கள்; அதில் ஐயமில்லை. ஆயினும், ஏன் மாற்றப்பட்டது என்பது விளங்காமல் பணிந்த சபை அடுத்த வழக்கில் அதே இடத்தில் தடுக்கி விழும். ஆகவே நடந்ததை முதலிலிருந்து விரித்து எழுதவும், பேசியவர்கள் பேசிய சொல்லைத் திருத்தாமல் அப்படியே பொறிக்கவும் கட்டளையாயிற்று. இதன் படிகள் பிற ஊர்ச்சபைகளுக்கும் செல்கின்றன. எனவே நீங்கள் அறிந்த செய்திகள் சிலவும் இதில் சொல்லப்பட்டிருக்கும், பொறுத்துக் கேளுங்கள்.

கொடிமங்கலத்தில் ஒருவர் மற்றவருக்கு வாக்குக் கொடுக்கும்போது வெற்றிலையை நீட்டுவார். வாக்கைப் பெறுகிறவர், அதற்கு ஈடாகத் தாமும் ஒன்றைத் தருவதாக அல்லது செய்வதாக ஒப்பினால், பாக்கை நீட்டுவார். வெற்றிலை மட்டும் போனால் அது கொடை. பாக்கும் திரும்பி வந்தால் அது உடன்படிக்கை. அதனால் வாக்குத் தவறிய வழக்கு எது வந்தாலும் சபை கேட்கும் முதற்கேள்வி, "பாக்கு எங்கே?" என்பதாகும்.

இது அறிவுள்ள வழக்கம். இதை ஏற்படுத்திய முன்னோர், உடன்படிக்கை எப்படி இயங்குகிறது என்பதை ஏற்றம் இறைப்பவர் கண்ணால் பார்த்தவர்கள். ஏற்றத்தின் ஒருபுறம் ஆள் மிதித்து இறங்கினால்தான் மறுபுறம் சால் நீரோடு மேலே வரும். ஆள் மிதிக்காமலே சால் ஏற வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. அதுபோல, வாக்குக்கு எதிரே ஏதோ ஒன்று இறங்க வேண்டும். மகிழ்ச்சி மிகுதியால் ஒருவன் தன் அண்டை வீட்டானிடம், "இந்தக் கன்றை உனக்கே தருகிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் மறந்தால், ஊர் அவனைப் பழிக்கலாம். செங்கோல் அவன் தொழுவத்துக்குள் நுழையாது. ஏனெனில் அண்டை வீட்டான் அந்தச் சொல்லுக்காக எதையும் விடவில்லை. இந்த எதிர்ப்பொருளுக்கு நம் நாட்டு நூலோர் வைத்த பெயர் கைம்மாறு.

வழக்கு அந்தச் சொல்லில்தான் சிக்கிக்கொண்டது.

உங்கள் ஊர்க் கால்வாயின் தலைப்பகுதியில் சாயம் தோய்க்கும் மாசாத்தியை நீங்கள் அறிவீர்கள். அவளும் அவள் அக்காள் சேந்தியும் அவுரி நீலம் போடுகிறவர்கள். அவர்கள் தொழில் தாழியில் இருக்கிறது. மண்ணில் கழுத்தளவு புதைத்த அந்தப் பெருமட்பாண்டத்தில் அவுரிக்கட்டியும், சுண்ணாம்புத் தெளிநீரும், வேகவைத்த தகரை விதையும் சேர்ந்து புளிக்கின்றன. அந்த நீர் உயிருள்ளது என்று சாயக்காரர் சொல்வது பேச்சுக்காக அல்ல. காலையும் மாலையும் கலக்க வேண்டும். பசித்தால் தகரை கொடுக்க வேண்டும். குளிர்ந்தால் உமித்தணல் மூட்ட வேண்டும். நலமாய் இருக்கும் தாழியில் தோய்த்த துணி பச்சையாய் வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாகும். துணி தோய்க்காமலோ கவனிப்பின்றியோ விட்டால் அது நாறிப் போகும். பிறகு எந்தத் துணியும் அதில் நிறம் பிடிக்காது. அதைத்தான் தாழி செத்தது என்பார்கள். சகோதரிகள் இருவரும் ஊற்றி வளர்த்த தாழி அவர்களுடைய இளமையிலிருந்து அணையாமல் இருந்தது. தோய்த்த துணியை அலசும் நீர், சபையின் ஒப்புதலோடு மடைக்காவலன் பூதன் திறந்துவிடும் சிறுமடை வழியாகக் கால்வாயில் கலக்கும்.

ஐப்பசியில் சேந்தி காய்ச்சலில் இறந்தாள். துக்கம் கழியாத அந்த வீட்டுக்குக் கால்வாயின் கீழ்ப்பகுதியில் கொடிக்கால் வைத்திருக்கும் காரி வேளான், மடைக்காவலன் பூதனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அங்கே பேசப்பட்டதை மூவரும் தனித்தனியே அவையில் சொன்னார்கள். மூவர் சொல்லும் பொருந்தியது.

"மாசாத்தி, துக்க வீட்டுல வந்து பேசுற பேச்சில்ல இது. ஆனா கொடி காத்திருக்காதே" என்றார் வேளான்.

"உக்காருங்க வேளாரே. கொடிக்கு என்ன?"

"இலை பழுக்குது. உன் சுண்ணாம்புத் தண்ணி வேருக்கு இறங்குது. கோட்டையில தேர்விழாவுக்கு நம்ம ஊரு இலைதான் போகணும். இந்த இலைய அனுப்பினேன்னா, வெத்தலையோட சேத்து என்னையும் மென்னு துப்பிடுவாங்க."

பூதன் சிரித்தான். மாசாத்தி சிரிக்கவில்லை. "மடை எங்க முறைதானே? ஊரு திறந்து விட்ட மடை" என்றாள்.

"யாரு இல்லேன்னது? உன் முறைங்கறதாலதான் வீடு தேடி வந்து கேக்கிறேன். பங்குனி முடியிற வரைக்கும் மூடி வை. ஒரு சொட்டும் வரக்கூடாது. என்னோட மேல்மடைத் திட்டு நிலத்தை உனக்கே விட்டுடறேன், ஊத்துத் தண்ணியோட. அங்கேருந்து வடியிற தண்ணி அந்தப் பக்கம் பாறைப் பள்ளத்துக்குப் போயிடும். அப்புறம் உனக்கும் எனக்கும் ஆயுசுக்கும் சண்டையில்ல."

"மூடினா துணி அலச முடியாது. தோய்க்காம விட்டா தாழி செத்துப்போகும். தெரியும்ல?"

"பானை எப்படிம்மா சாகும்?"

"கொடிய வேரோட பிடுங்கிப் போட்டுட்டு, பந்தல்கிட்டப் போய் இதைக் கேளுங்க."

வேளான் மடியை அவிழ்த்தார். பிறகு, "கேக்கிறது பெருசுதான். அதுக்குத்தானே திட்டையே தரேங்கறேன்" என்று சொல்லி, மடியிலிருந்த வெற்றிலையை நீட்டினார். மாசாத்தி அதை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள். அவர் தடுத்தார். "வேணாம், வேணாம். துக்க வீட்டுல பாக்கு எடுக்காதே. பிறகு பாத்துக்கலாம்."

உங்கள் ஊரில் சாவு நிகழ்ந்த வீட்டிலிருந்து பாக்குக் கொடுத்தால் சாவும் கூடவே போகும் என்று நம்புகிறார்கள். ஆகையால் அவர் தடுத்தது முறைதான். அவள் நின்றதும் முறைதான். பிழை அதன் பின்னர் ஏற்பட்டது. துக்கம் கழிந்தபின் மாசாத்தி பாக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவையில் கேட்டபோது அவள் சொன்ன மறுமொழி இது: "மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேங்க. தாழியே செத்துக்கிட்டு இருக்கு, இன்னும் பாக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

வெயில் காயும் மாதங்கள்தாம் சாயக்காரருக்கு அறுவடைக் காலம். அந்த மாதங்கள் முழுவதும் மாசாத்தியின் மடையில் ஒரு சொட்டும் வரவில்லை. கீழூர்த் துணி வணிகர் மூட்டையோடு வந்து பார்த்துவிட்டு வேற்றூர்ச் சாயக்காரரைத் தேடிப் போனார்கள். தாழி முதலில் நுரை இழந்தது. பிறகு நிறம் இழந்தது. ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தபோது வந்த வாடையில், அக்காள் கை வைத்துக் கலக்கிய கடைசிப் பொருளும் போய்விட்டது என்பதை அவள் அறிந்தாள். அவள் அழுதாளா என்று எவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெறுமையான தாழி வெயிலில் விரிசல் விட்டது.

கீழே கொடிக்கால் தழைத்தது. அவ்வாண்டுத் தேர்விழாவில் கொடிமங்கலத்து வெற்றிலையை ஏழிற்கோட்டை முழுதும் புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் தாமும் ஒருவர் என்பதைக் கோமகளார் அவையிலேயே வெளிப்படச் சொன்னார். அதையும் இங்கே எழுதுமாறு பணித்தார்.

சித்திரை பிறந்ததும் மாசாத்தி புதுத் தாழிக்குக் குழி தோண்டக் கடப்பாரையோடு மேல்மடைத் திட்டுக்குப் போனாள். அங்கே குழிகள் முன்னமே தோண்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு கமுகங்கன்று நின்றது. ஊற்றுநீர் பாயும் திட்டில் பாக்குத் தோப்புப் போடலாம் என்பது வேளானின் மருமகன் யோசனை. மாசாத்தி வேளானிடம் போய்க் கேட்டாள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "துக்கத்துல இருந்தியேன்னு ஆறுதலுக்குச் சொன்னது. பாக்கு மாத்தினோமா என்ன?" என்றார்.

அவள் சபைக்கு வந்தாள். சபைத் தலைவர் கண்ணந்தையார் வழக்கப்படி கேட்டார்: "பாக்கு எங்கேம்மா?"

"தாழி செத்துப்போச்சுங்க."

"அது தெரியும், வருத்தந்தான். நான் கேட்டது பாக்கு."

"அவரே வேண்டாம்னாருங்க அன்னைக்கு."

"அன்னைக்கு வேண்டாம்னார். அதுக்கப்புறம்?"

பாக்கு வராததால் அது கொடைப்பேச்சு என்றும், கையில் ஒப்படைக்காத கொடையைச் சபை வாங்கித் தர இயலாது என்றும் தீர்த்தீர்கள். உங்கள் தீர்ப்பில் வஞ்சகம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியின் நிழலைக் கேட்டீர்கள், அவ்வளவே. மாசாத்தி கோட்டைக்குப் புறப்பட்டாள். திட்டுக் கிடைத்தால் புதுத் தாழி புதைத்து அவள் தொழில் மீண்டும் எழும். கிடைக்காவிட்டால், அக்காளோடு சேர்ந்து வளர்த்த தாழியைக் கைவிட்டது எதற்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் அவளுக்கு ஒன்றுமிராது.

அவை கூடியது. காரி வேளானும் பூதனும் கண்ணந்தையாரும் வந்திருந்தார்கள். கோமகளார் முதலில் ஒரு கொட்டைப்பாக்கைக் கொணரச் செய்து, அதைத் தம் யானைப்படைத் தலைவர் கையில் கொடுத்தார். அவர் வணங்கிப் பெற்றுக்கொண்டார். கோமகளார் கண்ணந்தையாரிடம், தாம் இப்போது இவரிடமிருந்து யானை ஒன்றை வாங்கிவிட்டதாகக் கொள்ளலாமா என்று வினவினார்.

"அது எப்படிங்க தாயே? யானையப் பத்திப் பேச்சே எழலையே" என்றார் கண்ணந்தையார்.

அப்படியானால் பாக்கு இருந்தும் உடன்படிக்கை இல்லாதிருக்கலாம் என்பதை ஒப்புகிறீரா என்று கோமகளார் கேட்க, அவர் ஒப்பினார். பாக்கு இருந்தும் உடன்படிக்கை இல்லாதிருக்கலாம் எனில், பாக்கு இல்லாமலும் உடன்படிக்கை இருக்கலாம் அல்லவா என்று அடுத்துக் கேட்க, அவர் உடனே ஒப்பவில்லை, யோசித்தார். அவர் யோசித்ததைக் கோமகளார் பாராட்டினார். பாக்கு என்பது, ஏதோ ஒன்று எதிரே கொடுக்கப்பட்டது என்பதற்கு ஊரார் வைத்த அடையாளம். கொடுக்கப்பட்டது எது என்பதைப் பார்க்காமல் அடையாளத்தை மட்டும் தேடுவது, விருந்துக்கு வந்தவன் இலையை எண்ணிவிட்டுச் சோற்றைப் பாராமல் போவதைப் போன்றது என்று அருளினார்.

காரி வேளான் அதன்பின் தம் பக்கத்தைச் சொன்னார். அவர் பொய்யர் அல்லர். பேசிய பேச்சு எதையும் மறுக்கவில்லை. ஆனால் விடாப்பிடியாக வாதாடினார்.

"சரிங்க தாயே, பாக்கை விடுங்க. கைம்மாறுன்னு ஒண்ணு வேணும்ல? என் கைக்கு என்ன வந்துச்சு? ஒரு முழத் துணி வந்துச்சா, ஒரு படி நெல்லு வந்துச்சா? இவ தாழி செத்ததுல எனக்கு என்ன கிடைச்சுது? வேலை செய்யாம வீட்டுல உக்காந்திருந்தா. உக்காந்திருந்ததுக்கெல்லாம் திட்டுக் கொடுக்கிறதுன்னா, எங்க ஊருல இருக்கிற ஆளுகளுக்குத் திட்டுப் பத்தாதுங்க."

அவையில் சிரிப்பு எழுந்தது. கண்ணந்தையாரும் சிரித்தார். மாசாத்தி தலை நிமிராமல் நின்றிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் இரண்டு கைகளையும் முன்னே நீட்டினாள்.

நீலம் தோய்க்கிறவர் கையை அறியாதவர் கொடிமங்கலத்தில் இல்லை. முழங்கை வரை நீலம் ஏறி, நகக்கண்ணில் கறுத்து, எந்தத் தேய்ப்புக்கும் போகாத கை அது. சந்தையில் சில்லறை வாங்கும்போதும், கோயிலில் திருநீறு வாங்கும்போதும் அந்தக் கை தனியே தெரியும். சிறுவயதில் தோழிகள் அவளை நீலக்கைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவையில் நீட்டிய கைகளோ எல்லோர் கைகளையும் போல் இருந்தன. நகநுனிகளில் மட்டும், வெட்டி எறியப்படவிருந்த ஒரு கீற்று நீலம் எஞ்சியிருந்தது.

"உங்க கைக்கு என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது வேளாரே" என்றாள் அவள். "என் கை மாறிப்போச்சு. பாருங்க."

காரி வேளான் அந்தக் கைகளை நெடுநேரம் பார்த்தார். கொடி கட்டும் அவர் விரல்களிலும் நார் அறுத்த தழும்புகள் உண்டு. தொழில் கையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர் அல்லர் அவர்.

கோமகளார் அருளிச்செய்ததை இங்கே சுருக்காமல் தருகிறோம்.

கைம்மாறு என்ற சொல்லில் கை மாறுதல் இருக்கிறது. ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுதல் அதன் ஒரு வகை. எளிதில் கண்ணுக்குத் தெரிவதால் அதையே முழுமை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வாக்களித்தவர் வேண்டிக்கொண்டதன்பேரில் மற்றவர் தம் கையைத் தாமே மாற்றிக்கொண்டாலும் அது கைம்மாறே. செய்துகொண்டிருந்ததை நிறுத்துவதும், செய்யும் உரிமை உள்ளதைச் செய்யாதிருப்பதும் அதில் அடங்கும். ஆற்றில் இரண்டு துறைகள் இருக்க, ஒரு துறையின் படகோட்டி மற்றவன் கேட்டுக்கொண்டதற்காகத் தன் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்தால், அவன் கொடுத்தது அவன் துறை. அதைக் கேட்டவன், "நீ சும்மாதானே இருந்தாய்?" என்று பின்னர் சொல்ல இயலாது. அந்தச் சும்மா இருத்தலையே அவன் விரும்பி வாங்கினான்.

இனி, கொடுத்தது வாக்களித்தவரின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதும் இல்லை. அவர் கேட்டு மற்றவர் விட்டிருக்க வேண்டும், அதுவே போதும். இவ்வழக்கில் வந்தும் சேர்ந்தது. அது இலையாய்த் தளிர்த்தது. அதன் சுவையை இந்த அவையின் வாய்களும் அறியும்.

இதைக் கேட்டபின்னும் காரி வேளான் ஒன்று சொன்னார். அவர் சொன்னது நல்ல கேள்வி. அதனால் அதையும் பொறிக்கிறோம். "கால்வாய்த் தண்ணிய அழுக்காக்காம இருக்கிறது எல்லாருக்கும் கடமைதானேங்க? கடமையச் செஞ்சதுக்கு விலை உண்டா?"

கடமைக்கு விலை இல்லை என்பதைக் கோமகளார் ஒப்பினார். கோட்டை வாயிற்காவலன் ஒருவன் வணிகனிடம், "ஒரு பசு தருவதானால் விழித்துக் காவல் காப்பேன்" என்றால், அந்தப் பசுவை அவன் பெற முடியாது. அவனுடைய விழிப்பு முன்னமே அரசுக்குத் தரப்பட்டுவிட்டது, தந்ததையே மறுபடியும் விற்க அவனிடம் ஒன்றுமில்லை. ஆனால் மாசாத்தியின் மடை ஊரார் ஒப்பித் திறந்த மடை. அது அவள் உரிமை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. காரி வேளானே சான்று. தமக்கு முன்னமே உரியதை எவரும் துக்க வீட்டுக்கு நடந்து சென்று கேட்பதில்லை. அதற்கு ஒரு திட்டையும் தருவதாகச் சொல்வதில்லை. மடையை மூடுவது அவள் கடமையாயிருந்தால் அவர் சபைக்கு அல்லவா போயிருப்பார்?

"அதுவும் சரிதாங்க" என்றார் வேளான். சற்றுப் பொறுத்து, "ஆனாலும் ஒரு பருவத்துக்கு, காலத்துக்கும் ஒரு திட்டா?" என்றார். குரலில் முன்னிருந்த வேகம் இல்லை.

எடை போடும் வேலை அவையினுடையது அல்ல என்று கோமகளார் மறுமொழி அருளினார். இருவரும் அறிவோடும் அச்சமின்றியும் ஒப்பியபோது, ஒரு பருவம் ஒரு திட்டுக்கு ஈடாகுமா என்பதை அவர்களே நிறுத்துப் பார்த்துக்கொண்டார்கள். கைம்மாறு உண்மையில் இருந்ததா என்று மட்டுமே அவை பார்க்கும். அது சிறிதா பெரிதா என்று பார்க்கத் தொடங்கினால், சந்தையில் நடக்கும் ஒவ்வொரு பேரத்துக்கும் ஓர் அமைச்சரை உட்கார வைக்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் கொடியைக் காப்பது திட்டைவிடப் பெரிதாய்த் தோன்றியதால்தான் அவர் நடந்து போனார். கொடி பிழைத்தபின் விலை மிகுதியாய்த் தோன்றுவது இயல்பு. இயல்பாயிருப்பதால் அது நியாயம் ஆகிவிடாது.

எனவே மேல்மடைத் திட்டும் அதன் ஊற்றுநீரும் மாசாத்தியுடையவை என்று தீர்ப்பாயிற்று.

இங்கே ஓலை முடிந்திருக்கலாம். முடியவில்லை. மாசாத்தி வணங்கி எழுந்தபின் ஒன்று கேட்டாள்.

"தாயே, தாழிக்கும் ஏதாச்சும் சொல்லுங்க. அது எங்க அக்காவோட சேந்து வளத்தது. அதுக்கு ஈடா எதையாவது அவரு தரணும்னு சொல்லுங்க."

காரி வேளான் தாமாகவே, "தந்துடறேங்க. என்ன வேணும்னாலும்" என்றார். அவர் மனம் இளகியிருந்ததை எல்லோரும் கண்டார்கள். அவையினர் பலரும் அப்படியே ஆகட்டும் என்பதுபோல் பார்த்தார்கள். கோமகளார் மட்டும் தலையசைக்கவில்லை. மாசாத்தியைத் தம் அருகே அழைத்தார். அங்கே சொல்லப்பட்டதுதான் இவ்வழக்கில் எல்லாவற்றிலும் கடினமானது. ஆகையால் ஊரார் அதை நின்று கேட்கும்படி வேண்டுகிறோம்.

நீ அவருக்குத் தந்தது எது என்று கோமகளார் கேட்டார். மடையை மூடியது என்றாள் அவள். மூடியதால் நீ இழந்தது எது என்று கேட்டார். தாழி என்றாள். அந்த இழப்புத்தான் நீ கொடுத்த பாக்கு என்று கோமகளார் சொன்னார். அதை நீ தெரிந்தே கொடுத்தாய். தாழி சாகும் என்று அவரிடம் சொல்லிவிட்டே கொடுத்தாய். இன்று இந்த அவை அதற்கு ஈடு வாங்கிக் கொடுத்தால், நீ கொடுத்தது உனக்கே திரும்பிவிடும். அப்போது திட்டுக்கு எதிரே ஒன்றும் நிற்காது. உன் உரிமை அவர் போட்ட கொடையாகிவிடும். கொடுத்தவர் மக்கள் நாளை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இரண்டையும் என்னால் உனக்குத் தர இயலாது. தாழி போனதனால்தான் திட்டு உன்னுடையது.

மாசாத்தி தன் நகநுனிகளைப் பார்த்தாள்.

"அப்ப அந்தத் திட்டு யாரும் எனக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்ல" என்றாள்.

இல்லை என்றார் கோமகளார்.

"நான் விலை கொடுத்தது."

ஆம் என்றார்.

"சரிங்க தாயே. தாழி போனதாவே இருக்கட்டும்."

அவள் பின்வாங்கி வணங்கியபோது காரி வேளானும் எழுந்து நின்றார். எவரும் அவரை எழச் சொல்லவில்லை.

ஆகவே கட்டளை பின்வருமாறு. இவ்வோலை படிக்கப்பட்ட அன்றே சபையார் மேல்மடைத் திட்டுக்குச் சென்று எல்லைக்கல் நாட்டி மாசாத்தியிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே நட்ட கமுகங்கன்றுகளைக் காரி வேளான் வேரும் மண்ணுமாக எடுத்துச் செல்லலாம், அவை அவருடையவை. வெற்றிலையும் பாக்கும் மாற்றும் உங்கள் வழக்கத்தை அரண்மனை தடுக்கவில்லை. நல்ல அடையாளத்தை அழிப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் இனி வாக்குத் தவறிய வழக்குச் சபைக்கு வரும்போது, பாக்கு எங்கே என்ற கேள்வி இரண்டாவதாகவே கேட்கப்படட்டும். முதலில், இந்த வாக்குக்காக உன் கை எப்படி மாறியது என்று கேளுங்கள். மறுமொழி வரும்வரை பொறுத்திருங்கள். சிலருக்கு அதைச் சொல்லச் சொற்கள் கிடைப்பதில்லை.

பணி முடிந்தபின், சொன்ன சொல் நின்றது என்று மறுவோலை விடுக்க வேண்டும்.

கோமகள் குவளையாள் தேவியார் திருமுன் எழுதிப் படித்துக்காட்டப்பட்டுத் தாழம்பூ முத்திரை இடப்பட்டது. அமைச்சர் இளநாகன் கையொப்பம்.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் அரண்மனைத் தூதர் அல்லர், மாசாத்தியே. அவள் அதை நீட்டும்போது, கையைப் பார்த்து வாங்குக.